மரம் அறுக்கும் மிஷினுக்கும் கூலி உண்டு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் மரம் வெட்டுவதென்றால் முன்பெல்லாம் கோடாரி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பம், ஆப்பு, வடக்கயிறு இவைதான். பெரிய புளிய மரம் ஒன்றைச் சாய்த்துத் துண்டு போட நாலு ஆட்களுக்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். இன்று அதே வேலையை ஓர் இயந்திர ரம்பமும் இரண்டு ஆட்களும் ஒரே நாளில் முடித்து விடுகிறார்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம், ஆத்தூர், பரமத்தி வேலூர் என எந்தப் பக்கம் போனாலும், பைக்கின் பின்னால் மிஷினைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களைக் காணலாம்.

இவர்களில் பலர் முழுநேர மரவெட்டிகள் அல்ல. இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் நிலக்கடலையோ, சோளமோ, மரவள்ளியோ போட்டுவிட்டு, வேலையில்லாத மாதங்களில் ஒரு வருமானம் வேண்டும் என்று மிஷின் வாங்கியவர்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. எனவே இத்தொழிலில் வரும் நஷ்டம் கடைசியில் நிலத்தின் தலையில்தான் விடியும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையில் சேஷசாயி காகித ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. ஆற்றுக்கு அக்கரையில், புகளூர் காகிதபுரத்தில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டும் விவசாயிகளிடமிருந்து சவுக்கு, தைல மரக் கட்டைகளை வாங்குகின்றன. கிணற்றில் தண்ணீர் குறைந்து, ஆட்களும் கிடைக்காத நிலங்களில் மரப்பயிர் வைத்தவர்களுக்கு அறுவடை நேரத்தில் மிஷின் தேவை. செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் விறகு போகிறது. இவை தவிர, காய்ப்பு நின்ற தென்னை, வீட்டின் மேல் சாய்ந்த வேம்பு, மின்கம்பியில் உரசும் கிளை, மாந்தோப்பில் மூன்றாண்டுக்கு ஒருமுறை அறுவடைக்குப் பின் ஆகஸ்டு, செப்டம்பரில் செய்ய வேண்டிய கவாத்து என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது.

வேலை இருந்தும் பலரிடம் பணம் நிற்பதில்லை. வாங்கிய மிஷின் நாலைந்து ஆண்டில் தேய்ந்து போகும்போது, அடுத்த மிஷினுக்கு மறுபடியும் கடன்தான். இதற்குக் காரணம் வேலை தெரியாமை அல்ல, கணக்கு வைக்காமையே.

ரிக்காரர் கணக்கு

இதே மாவட்டத்தில் கணக்குக்குப் பேர்போன இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று நாமக்கல் லாரித் தொழில். மற்றொன்று திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக். ரிக் வண்டிக்காரர் ஓர் அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும்போது அதில் டீசல் மட்டுமா இருக்கிறது? பிட் தேய்மானம், கம்ப்ரசர், ஆட்கள் சம்பளம், சாப்பாடு, வண்டி நிற்கும் நாட்களின் வட்டி எல்லாம் அடக்கம். லாரிக்காரரும் டயர் தேய்வதைக் கிலோமீட்டர் கணக்கில் பார்க்கிறார். மரம் அறுக்கும் மிஷின்காரரோ பெட்ரோல் காசையும் கூட வந்த ஆள் கூலியையும் கழித்துவிட்டு, மீதி எல்லாம் தம் கூலி என்று எண்ணிக்கொள்கிறார்.

ஒரு தோராயக் கணக்கைப் பார்ப்போம். இதில் உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிஷின் விலை ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். அது 1,600 மணி நேரம் ஓடி ஓய்ந்தால் மணிக்கு ரூ.25 தேய்மானம். ரூ.1,200 விலையுள்ள செயின் 40 மணி நேரம் வந்தால் மணிக்கு ரூ.30. செயின் ஓடும் பார் ரூ.2,400 விலையில் 160 மணி நேரம் உழைத்தால் மணிக்கு ரூ.15. பழுது பார்க்கவும் பிளக், பில்டர், கயிறு மாற்றவும் மணிக்கு ரூ.25. பெட்ரோல் மணிக்கு 1 லிட்டர், ரூ.100. அதில் கலக்கும் டூ-டி ஆயில் ரூ.8. செயின் ஆயில் ரூ.60. ஆக, மிஷின் ஒரு மணி நேரம் ஓட ரூ.263 ஆகிறது.

காலை 8 மணிக்குப் போய் மாலை திரும்பினாலும் மிஷின் உண்மையில் ஓடுவது 4 மணி நேரம் இருக்கும். மற்ற நேரம் கயிறு கட்டுவதிலும், கிளை இழுப்பதிலும், கூர் போடுவதிலும் போய்விடும். நாலு மணி நேரத்துக்கு ரூ.1,052. மிஷின் பிடிப்பவர் கூலி ரூ.1,200, உதவி ஆள் கூலி ரூ.800, பைக் செலவு ரூ.150. மிஷினுக்குப் போட்ட ரூ.40,000-க்கு 12 சதவிகித வட்டி ஆண்டுக்கு ரூ.4,800. ஆண்டில் 150 நாள் வேலை கிடைத்தால் நாளுக்கு ரூ.32. எல்லாம் சேர்த்து ஒரு நாள் அடக்கச் செலவு ரூ.3,234.

இவர் அந்த நாளுக்கு ரூ.2,500 வாங்குவதாகக் கொள்வோம். பெட்ரோல், இரண்டு ஆயில், உதவி ஆள், பைக் செலவு ஆகியவற்றுக்குக் கையை விட்டுப் போவது ரூ.1,622. சட்டைப் பையில் மீதி ரூ.878 இருக்கிறது. ‘பரவாயில்லை’ என்று வீட்டுக்குப் போகிறார். ஆனால் அந்த ரூ.878-ல் செயினுக்கு ரூ.120, பாருக்கு ரூ.60, பழுதுக்கு ரூ.100, தேய்மானத்துக்கு ரூ.100, வட்டிக்கு ரூ.32, ஆக ரூ.412 மிஷினுடைய பங்கு. அதைக் கழித்தால் ஆபத்தான வேலைக்கு இவருக்குக் கிடைத்த கூலி ரூ.466. கூட வந்த உதவி ஆளுக்குக் கொடுத்ததே ரூ.800!

வாடகையை உடனே ஏற்ற முடியாது, போட்டி இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் மிஷினின் பங்கை அன்றன்றே தனியாக எடுத்து வைத்தால், எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது என்பது தெரியும். தபால் அலுவலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ அதற்கென ஒரு கணக்கு இருந்தால் போதும். 150 நாளில் அது ரூ.61,800 ஆகும். செயினும் பாரும் பழுதும் வட்டியும் போக, ஆண்டுக்கு ரூ.15,000 அடுத்த மிஷினுக்குச் சேரும்.

அளவுக்கு மேல் பெரிய மிஷின் வேண்டாம்

மிஷின் வாங்கும்போது பெரியதாகப் பார்த்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. சவுக்கு, தைலம், வேலிக்காத்தான் வேலைக்கு 50 சி.சி. அளவுள்ள மிஷினும் 16 அல்லது 18 அங்குல பாரும் போதுமானவை. பாரின் நீளத்தைவிடப் பருத்த மரத்தையும் இரண்டு பக்கமிருந்து அறுக்கலாம். ஆண்டுக்கு நாலு முறை வரும் பெரிய புளிக்காக எடை மிகுந்த மிஷினைத் தினமும் தூக்குவதால் தோளும் இடுப்பும்தான் கெடும். அந்த நாலு நாளைக்குப் பெரிய மிஷினை வாடகைக்கு எடுக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில், அந்த ஆண்டு மானியப் பட்டியலில் இத்தகைய மிஷின் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் விசாரிப்பது நல்லது. வாங்கிய பின் போய்க் கேட்டால் பயனில்லை.

பழைய மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து சற்றே தூக்க வேண்டும். கயிறு மெல்ல மெல்ல, விட்டு விட்டு இறங்கினால் பிஸ்டனில் அமுக்கம் இருக்கிறது. தடையில்லாமல் சரசரவென்று இறங்கினால் பிஸ்டனும் ரிங்கும் போய்விட்டன, விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். குறைந்த விலைக்கு வரும் பெயர் தெரியாத மிஷின்களில் உதிரிப் பாகம் சேலத்திலோ ஈரோட்டிலோ கிடைக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செயின்தான் மிஷின்

இயந்திர ரம்பம் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவரால் 1926-ல் மின்சாரத்திலும், 1929-ல் பெட்ரோலிலும் இயங்குமாறு செய்யப்பட்டது. ஆனால் அதன் சங்கிலிப் பற்கள் வெகு சீக்கிரம் மழுங்கின. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, ஒரு மரப்புழு கட்டையைக் குடைந்து போவதைக் கவனித்தார். நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒன்றுபோல, இடமும் வலமுமாகத் தாடையால் சீவிக்கொண்டு போயிற்று அது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் செய்த பல்தான் 1947 முதல் விற்பனைக்கு வந்தது. இன்றைய செயின்கள் எல்லாம் அதன் வழி வந்தவையே. காண்டாமிருக வண்டைச் சபிக்கும் தென்னை விவசாயிக்கு, ஒரு வண்டின் புழுவால் நன்மையும் விளைந்திருக்கிறது என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

கூரான செயின் மரத்தைச் சீவிச் செதிலாகத் தள்ளும். மாவு மாவாகத் தூள் பறந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள். மிஷினை அழுத்திப் பிடித்தால்தான் அறுபடுகிறது என்றாலும் அப்படியே. மழுங்கிய செயினோடு மேலும் ஒரு மணி நேரம் ஓட்டினால் பெட்ரோல் வீணாகும், பார் சூடேறும், கைக்கு நடுக்கம் வரும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், அந்தப் பக்கத்துப் பற்களுக்கும் மறுபக்கத்துப் பற்களுக்கும் கூர் ஒன்றுபோல் இல்லை.

ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் வட்ட அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு கொடுத்தால் செயின் நீண்ட நாள் வரும். அரம் சரியான தடிமனாக இருக்க வேண்டும். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். முக்கால் அங்குலத்தில் பாதியான 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. சிறிய மிஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மி.மீ. இந்த அளவு செயின் அட்டைப் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அரத்தை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும், திருப்பி இழுக்கக் கூடாது. பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு, பல்லைவிட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதை ஒரேயடியாக ராவிவிட்டால் செயின் மரத்தைக் கவ்வி உதறும்.

ஓடுகிற செயின் ஒரு முறை மண்ணைத் தொட்டால் அரை நாள் கூர் போய்விடும். கீழே கிடக்கும் கட்டையை அறுக்கும்போது அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுப்பதே இதற்கு வழி. வீட்டோரத்து மரங்களையும் சாலையோர மரங்களையும் தொடுமுன் சுற்றிப் பார்க்க வேண்டும். விளம்பரத் தகரம் அடித்த ஆணி, ஊஞ்சல் கட்டிய கொக்கி, வேலிக் கம்பி, பந்தல் போட்ட ஆணி எல்லாம் பட்டைக்குள் மறைந்திருக்கும். அப்படிப்பட்ட மரத்துக்குச் செயின் சேதத்தையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றுவது மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள இரும்புத் துகள் பாரையும் ஆயில் பம்பையும் தின்றுவிடும். கையிலும் முகத்திலும் தெறிப்பது தோலுக்கும் கெடுதல். பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்கும் அளவு மிஷின் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். 1 லிட்டருக்கு 20 மி.லி. என்பது பல மிஷின்களுக்குச் சொல்லப்படும் அளவு. தரமான ஆயிலுக்குத்தான் அது பொருந்தும். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டரிலுள்ள ரப்பர்ச் சவ்வையும் கெடுக்கும். ஆகவே மாதக் கணக்கில் கலவையை வைத்திருக்காமல், அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்வது நல்லது. விதைப்புக் காலத்தில் மிஷின் சும்மா இருக்கும்போது டாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வைக்க வேண்டும்.

விலை பேசும் முறை

தோட்டத்துக்காரர், “ஏனுங்க தம்பி, இந்தப் புளிய மரத்துக்கு என்ன கேக்கறீங்க?” என்பார். “நீங்க பாத்துக் குடுங்கண்ணா” என்று இவர் சொல்வார். தகராறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மரவேலைக்கு விலை பேசுவதில் நாலு வழக்கங்கள் உள்ளன: மரத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு, தோப்பு முழுவதும் குத்தகையாக இவ்வளவு. ஒரே வயதுச் சவுக்குத் தோப்புக்கு டன் கணக்கே இருவருக்கும் நியாயமானது. வீட்டோரத்து ஒற்றை மரத்துக்கு நாள் கணக்கு பொருந்தும். கயிறு கட்டிக் கிளை கிளையாக இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது மேலே ஏறிப் பார்க்காமல் தெரியாது. குத்தகையில் அனுபவசாலிக்குத்தான் லாபம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவரும், மரத்தை விற்கும் சிறு விவசாயியும் பெரும்பாலும் ஏமாறுவது இதில்தான்.

எப்படிப் பேசினாலும், மிலாறு யாருக்கு, அடித்தூர் எந்த உயரத்தில் அறுக்கப்பட வேண்டும், வேர்க்கட்டையைப் பெயர்ப்பது யார் பொறுப்பு, ஏற்றுக்கூலி யாருடையது, ஓடோ சீமைத்தகரமோ சுவரோ உடைந்தால் யார் கொடுப்பது ஆகியவற்றை ஒரு சிட்டையில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. ‘பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய்ச் சிட்டை எழுதுவதா?’ என்று தயங்குகிறார்கள். உறவு கெடாமலிருக்கவே சிட்டை. அச்சாரம் வாங்கினால் தேதியும் அதிலேயே எழுதலாம்.

அடித்தூர் உயரத்தில் விவசாயியின் பணம் இருக்கிறது. கோடாரியால் வெட்டும்போது அடிமரத்தில் ஒரு முழம் வரை செதிலாகப் போய்விடும். மிஷினால் தரையை ஒட்டி அறுக்கலாம். மரத்தின் பருத்த, எடையுள்ள பகுதி அதுதான். ஆனால் தைலத்தை மறு துளிர்ப்புக்கு விடுவதானால் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு, தண்ணீர் வழியும்படி சற்றுச் சாய்வாக, பட்டை கிழியாமல் அறுக்க வேண்டும். பட்டை கிழிந்த தூரில் துளிர் பிழைப்பது அரிது. மிஷின்காரர் இதை அறிந்து செய்தால் அடுத்த அறுவடைக்கும் அவரையே கூப்பிடுவார்கள்.

டன் கணக்கில் விற்கும்போது பச்சை மரம் நாளுக்கு நாள் எடை குறையும் என்பதை மறக்கக் கூடாது. வெட்டிக் களத்தில் ஒரு வாரம் போட்டு வைத்தால் நஷ்டம் மரக்காரருக்கு. லாரி வரும் நாளை உறுதி செய்துகொண்ட பிறகே மிஷினை வரவழைக்க வேண்டும். எடைமேடைக்குக் காலி லாரி ஏறும்போதும் உடனிருப்பது நல்லது.

பலகை மரமானால் கன அடிக் கணக்கு வரும். வியாபாரிகள் வழக்கமாகச் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள வேம்புத் துண்டு என்றால், கால் சுற்று 12 அங்குலம், அதாவது 1 அடி. 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, ஆக 10 கன அடி. ஆனால் உருண்டையான அந்தத் துண்டில் உண்மையில் இருப்பது சுமார் 12.7 கன அடி. பட்டைக்கும் அறுப்புச் சேதத்துக்கும் விடுவதற்காக வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருந்து வரும் கணக்கு இது. இதில் மோசடி என்று ஒன்றுமில்லை. ஆனால் இக்கணக்கில் அளந்துவிட்டு, ‘பட்டைக்குக் கழிவு’ என்று மேலும் ஒரு பங்கு கழிக்க வந்தால், ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு விடப்பட்டிருக்கிறது என்று சொல்ல விவசாயிக்கு உரிமை உண்டு.

தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்ற நம்பிக்கையால் வளர்பிறையில் மிஷினைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவரவர் விருப்பம். பட்டையை உடனே உரித்து, மண்ணில் படாமல் நிழலில் அடுக்குவது உளுப்பூச்சிக்கு எதிராக நிச்சயமாகப் பலன் தரும்.

சாய்க்கும்போது

மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்ட வேண்டும். அதன் ஆழம் மரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை போதும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே, அறுத்து வர வேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்குமுன் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் போல மரத்தைத் திருப்பி விழச் செய்வது அந்தத் துண்டுதான். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அதையும் அறுத்துவிடுகிறவர்களின் கையில் மரம் நிற்காது. அது விரும்பிய பக்கம் போகும்.

தென்னையிலும் பனையிலும் மேலும் எச்சரிக்கை தேவை. இவற்றில் வைரம் வெளிப்புறத்தில் இருக்கும், உட்புறம் சோற்றி. கூன்வண்டு குடைந்த தென்னையிலும், அடித்தண்டழுகலான தஞ்சாவூர் வாடல் கண்ட தென்னையிலும் கீல் பிடிக்காது. அப்படிப்பட்ட மரத்தைக் கயிற்றால் இழுத்துப் பிடிக்காமல் அறுக்கவே கூடாது. மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டுவதும் வேலையில் ஒரு பகுதியே. மரம் அசையத் தொடங்கியதும் மிஷின்காரர் பின்பக்கமாகச் சாய்வாக விலக வேண்டும். அந்த வழியைக் கொடி, கல் இல்லாமல் முன்பே சுத்தம் செய்து வைக்க வேண்டும். பாரின் முனையில் மேல்பாதி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் பிரேக் இதற்காகத்தான் இருக்கிறது. கைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிவது தற்கொலைக்கு ஒப்பானது. லுங்கியும் ரப்பர்ச் செருப்புமாக இந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால் வயிறு பகீரென்கிறது. தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கெட்டியான பூட்ஸ் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று செயின் விலைதான் இருக்கும்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். ‘பச்சை மரத்தில் கரண்ட் வராது’ என்பது தவறு. ஈரமுள்ள கிளையில் மின்சாரம் பாயும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்தபோது மிஷின் ரம்பங்களுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. ரிக் வண்டி போல் மிஷினையும் வெளியூருக்குக் கொண்டுபோய்ச் சம்பாதிக்கலாம் என்பது சரியே. ஆனால் புயலில் விழுந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. ஒரு பக்கம் வில்லாக இழுபட்டிருக்கும். அழுந்தியிருக்கும் பக்கத்தில் முதலில் சிறிது அறுத்து, பிறகே இழுபட்ட பக்கத்தை அறுக்க வேண்டும். தண்டை அறுத்ததும் வேர்க்கட்டை சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் விழும். அந்தக் குழியருகே யாரும் நிற்கக் கூடாது.

தென்னை ஏறும் வேலை

மோகனூர், பரமத்தி வேலூர் ஆற்றோரத்தில் மரம் ஏற ஆள் கிடைக்காமல் காய் தானாக விழும்வரை விட்டுவிடும் தோப்புகள் உண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி வடிவமைத்த ஏறும் கருவி இதற்கு உதவுகிறது. மரத்தைச் சுற்றிய கம்பி வளையத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்து ஏறும் கருவி இது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கி, இளைஞர்களுக்கு இக்கருவியில் பயிற்சி கொடுத்து, காப்பீட்டுக்கும் வழி செய்தது. மிஷின் ரம்பத்தோடு இதையும் கற்றவருக்குக் காய் பறிப்பு, கொண்டை சுத்தம், மருந்து வைப்பு என்று மாதாமாதம் வேலை இருக்கும். வெட்டு வேலை விட்டு விட்டு வருவது; இது தோப்புக்குத் தோப்பு முறைவைத்து வருவது.

அனுமதி

பட்டா நிலத்து மரமா, புறம்போக்கு மரமா என்பதை மிஷின்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடைப் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரத்துக்கு 2-சி பட்டா வைத்திருப்பவருக்குப் பலனை அனுபவிக்கத்தான் உரிமை. மரத்தை வெட்ட வருவாய்த்துறை அனுமதி வேண்டும். சந்தனம், தேக்கு, ஈட்டி மரங்களுக்கு வனத்துறை விதிகள் உள்ளன. பனையைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழக அரசின் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. ‘வேலியோரத்துப் பனைதானே’ என்று செங்கல் சூளைக்கு அறுத்துத் தள்ளுவது இனி நடவாது. ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், சமவெளி மிஷின்காரர்கள் மேலே வேலைக்குப் போகுமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மரம் யாருடையது, அனுமதிக் கடிதம் எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் மிஷினை ஸ்டார்ட் செய்யுமுன் கேட்டால், பிறகு மிஷினைப் பறிமுதலிலிருந்து மீட்க அலைய வேண்டியதில்லை.

காப்பீடு

மிஷினுக்கு ஏதாவது ஆனால் பழுது பார்க்கலாம். பிடிக்கும் கைக்கு ஏதாவது ஆனால் வீட்டில் உலை ஏறாது. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ள எவரும் 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுச் சந்தா ரூ.20. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கை, கால் அல்லது இரண்டு கண்களை இழந்தாலோ ரூ.2 லட்சம்; ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணோ போனால் ரூ.1 லட்சம். விரல் துண்டானால் இதில் பணம் கிடையாது. அதற்குத் தனி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் பதிவு செய்யாமல், ‘நமக்குள்ளே பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கியில் கொடுக்கக் காகிதம் இருக்காது. உதவி ஆளையும் இதில் சேர்த்து, அவருடைய இருபது ரூபாயையும் மிஷின் கணக்கிலிருந்தே கட்டிவிடலாம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. சந்தாவை வங்கி தானாகவே மே மாதக் கடைசி வாரத்தில் எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வாரத்தில் இருவர் கணக்கிலும் பணம் இருக்கிறதா என்று பாஸ் புத்தகத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.